செல்போன் கதிர்வீச்சுக்கு மாத்திரை உண்டா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். வியாபார விஷயமாகத் தினமும் மூன்று மணி நேரமாவது செல்போனைக் காதில் வைத்தே பேசுகிறார். கதிர்வீச்சு மூளையைப் பாதிக்காமல் காக்கும் என்று மெலடோனின் (தூக்க ஹார்மோன்), வைட்டமின் ஈ, ஜிங்கோ (ஒரு மர இலைச் சாறு) கலந்த மாத்திரையைத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். ஜிங்கோ ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியது. வைட்டமின் ஈ அதிக அளவில் போனாலும் அப்படித்தான். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால், அந்த டப்பாவையே எடுத்துப்போய் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இந்த மாத்திரைகளுக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் எலிச் சோதனைகள். போன் பேசும் மனிதரின் மூளையை இவை காத்ததாக நிரூபணம் இல்லை. சத்து மாத்திரைதானே என்றும் விட முடியாது. ஆண்களுக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

மூளைக்கு என்னதான் ஆகிறது? அமெரிக்காவில் 47 பேரின் காதில் 50 நிமிடம் போனை வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். ஆண்டெனாவை ஒட்டிய மூளைப் பகுதி சுமார் 7 சதவீதம் கூடுதலாகக் குளுக்கோஸைப் பயன்படுத்தியது. அது நல்லதா கெட்டதா என்று ஆய்வாளர்களே முடிவு சொல்லவில்லை. 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு செல்போன் வீசும் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றில், சேர்த்தது. ஆனால் 2024-இல் அந்நிறுவனத்துக்காக நடந்த ஆய்வுத் தொகுப்பில் மூளைப் புற்றுநோயோடு தொடர்பு தென்படவில்லை.

அப்படியும் மூன்று மணி நேரம் என்பது அதிகம்தான். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரிலோ ஒயர் ஹெட்செட்டிலோ பேசச் சொல்லுங்கள். காதிலிருந்து ஓர் அடி தள்ளினாலே தலைக்குள் போகும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். சிக்னல் ஒரே கோடு காட்டும்போது, டவரை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டுகிறது. அடித்தளக் குடோனிலோ லிஃப்டிலோ நீளமாகப் பேசுவதைத் தவிர்க்கலாம். *#07# அழுத்தினால் பல போன்களில் எஸ்.ஏ.ஆர். அளவு, அதாவது போனின் அலையிலிருந்து உடல் உறிஞ்சும் சக்தியின் அளவு, தெரியும்; இந்தியாவில் உச்ச வரம்பு உடல் திசு கிலோவுக்கு 1.6 வாட்.

கேள்வி: போனின் பின்னால் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் ஒட்டலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். அது அலையைத் தடுக்காவிட்டால் காசுதான் வீண். உண்மையிலேயே தடுத்தால், சிக்னல் பலவீனமாகிப் போன் இன்னும் அதிக சக்தியோடு அலையை வீசும். பேட்டரியும் சீக்கிரம் தீரும்.