கிடாய் விந்தைக் குளிரில் எத்தனை நாள் வைக்கலாம்?

விளாத்திகுளம் பகுதி வாசகர் ஒருவர், கலப்பில்லாத வேம்பூர் இனச் செம்மறிக் கிடாய் ஒன்று தம்மிடம் இருப்பதாகவும், 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள உறவினர் பட்டியின் பெட்டை ஆடுகளை அதன் விந்தால் சினைப்படுத்த விரும்புவதாகவும் கூறி, விந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

மூன்று நாள் வேண்டாம். 5 டிகிரி செல்சியஸில் முறையாகக் காத்த விந்தணுக்கள் மூன்றாம் நாளும் நுண்ணோக்கியில் அசையக்கூடும் என்றாலும், சினைப்படுத்தும் திறன் அதற்கு முன்பே பெரிதும் குறைந்துவிடும். செம்மறியின் கருப்பை வாய், ஒன்றுக்கொன்று நேர்படாத மடிப்பு வளையங்களால் ஆனது. செலுத்துகுழாய் அவற்றைக் கடந்து கருப்பைக்குள் போவது அரிது என்பதால், மீதித் தூரத்தை விந்தணுவே நீந்திக் கடக்க வேண்டும். ஆகவே 12 மணி நேரத்துக்குள் செலுத்தத் திட்டமிடுங்கள். 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். உங்கள் தூரத்துக்கு இது தாராளமாகப் போதும்.

மிகுந்த கவனம் வேண்டியது குளிர்விக்கும்போதுதான். கிடாய் விந்தணுவின் உறையில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி, கொலஸ்ட்ரால் குறைவு. எனவே திடீர்க் குளிர் பட்டால் அந்த உறை சிதைந்துவிடுகிறது, பிறகு எதைச் செய்தாலும் மீட்க முடியாது. கால்நடை மருத்துவர் விந்தைச் சேகரித்தவுடன் 30 டிகிரி வெந்நீரில் குழாயை நிறுத்தி, அதே வெப்பநிலையிலுள்ள, முட்டை மஞ்சள் கருவும் நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்த டிரிஸ் கரைசலால் நீர்க்கச் செய்வார். பிறகு குழாயைத் தண்ணீர்க் குவளையோடு சேர்த்தே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் மெல்ல 5 டிகிரிக்கு இறங்குகிறதா என்று வெப்பமானியால் பாருங்கள். பயணத்தில் பனிக்கட்டி குழாயை நேரே தொடக்கூடாது, வெயிலும் படக்கூடாது. ஒருமுறை சூடேறிய விந்தை மீண்டும் குளிர்விக்காதீர்கள்.

ஒருமுறை கிடைக்கும் விந்து ஏறத்தாழ 1 மில்லி. அதில் பொதுவாக 200 முதல் 400 கோடி விந்தணுக்கள் இருக்கும். ஓர் ஆட்டுக்கு அசைவுள்ள 20 கோடி என்று கணக்கிட்டால், ஏறக்குறைய பத்துப் பெட்டைகளுக்குப் போதும். பெட்டைகள் பருவத்துக்கு வருவதை முதலில் உறுதிசெய்த பிறகே விந்தை எடுக்க வேண்டும். இணைசேர முடியாதபடி வயிற்றில் துணி கட்டிய கிடாயை மந்தையில் விட்டுக் கண்டறிந்து, பருவம் தொடங்கிய 12 முதல் 18 மணி நேரத்துக்குள் செலுத்துவது நல்லது.

உங்கள் நோக்கம் இனத்தைக் காப்பது என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே கிடாயின் விந்து பட்டி பட்டியாகப் பரவினால் இரத்த உறவு நெருங்கிவிடும். உறவில்லாத வேறு கிடாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விந்துகளைக் கலக்காமல், எந்தக் குட்டிக்கு எது தந்தை என்று எழுதி வையுங்கள். புருசெல்லா, நீலநாக்கு நோய்களுக்கான பரிசோதனை இல்லாமல் எந்தக் கிடாயின் விந்தையும் வெளிப்பட்டிக்கு அனுப்பாதீர்கள். ஆண்டுக்கணக்கில் காக்க மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனே வழி; ஆனால் அப்படி உறைய வைத்த விந்தைக் கருப்பை வாயில் செலுத்தினால் சினை குறைவாகவே பிடிக்கும், வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் கருவியான லேப்ராஸ்கோப் மூலம் கருப்பைக்குள்ளேயே செலுத்த வேண்டியிருக்கும். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகில்தான். கிடாயை அங்கே காட்டி விந்தின் தரத்தை மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.