வேட்டைக்காரர்களே வாத்துகளின் ஈரநிலங்களைக் காக்கிறார்கள் என்பது உண்மையா?

அமெரிக்காவைப் பொறுத்தவரை பெருமளவு உண்மைதான். 1930களின் கடும் வறட்சியாலும், வேளாண்மைக்காகச் சதுப்பு நிலங்களை வடித்ததாலும் நீர்ப்பறவைகள் அருகிவந்த நிலையில், அவற்றை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் அஞ்சல்தலை போன்ற அரசின் ‘வாத்து முத்திரை’யை வாங்கியாக வேண்டும் என்று 1934இல் சட்டம் வந்தது. கேலிச்சித்திரக்காரர் டார்லிங் வரைந்த முதல் முத்திரையில் இரண்டு மல்லார்டு வாத்துகள் நீரில் இறங்குகின்றன. அன்றைய விலை 1 டாலர், இன்று 25. காகித முத்திரையானால் அதன் குறுக்கே மையால் கையொப்பமிட்டால்தான் செல்லும். வருவாயில் டாலருக்கு 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் செல்கிறது. 1949 முதல் ஓவியம் பொதுப் போட்டியில் தேர்வாவதால், துப்பாக்கியையே தொடாத சேகரிப்பாளர்களும் இதை விரும்பி வாங்குகிறார்கள்.

ஆயினும் வேட்டையே பாதுகாப்பு என்று வாதிடுவது மிகை: வேட்டைத் துப்பாக்கிகளிலிருந்து சிதறி நீரடியில் தங்கிய ஈயக் குண்டுமணிகளைச் சிறு கற்கள் என்று விழுங்கிய பறவைகள் நஞ்சேறி மடிந்ததால், நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை 1991இல் நாடு முழுவதும் தடைசெய்ய வேண்டியதாயிற்று.