ஐந்து சென்ட் வாங்கும் முன் அ-பதிவேட்டைப் பாருங்கள்

அண்ணே, சுசீந்திரம் பக்கம் நாற்கரச் சாலையை ஒட்டி ஐந்து சென்ட் மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் இப்படித்தான் பரவுகிறது: ரோடு வரும், நெல்லில் கட்டுப்படியாகாதவர் வாழை வைப்பார், அப்புறம் வாழையும் போய் செம்மண் லோடு விழும், மூலைக்கு மூலை கல் நட்டுவிட்டு புரோக்கர் போன் போடுவார். ஓடை எங்கே போச்சு என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, ஐப்பசி மழையில் அடுக்களைக்குள் அரிசி வாளி மிதந்தது.

சரி, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில், அதாவது எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கில், நஞ்சையா என்று பாருங்கள். மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா? இல்லையென்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் பதிவான மனைகளுக்குத்தான், அங்கீகாரமில்லாததை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. புரோக்கர் 'அங்கீகாரம் பிறகு வாங்கித் தருகிறேன்' என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய் நின்று பாருங்கள்.