நாற்பதைத் தாண்டிய முகம்: தோல் மருத்துவரிடம் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "திடீர்னு வயசாயிடுச்சு டாக்டர்." நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருப்பவர்கள், ஆண்களும் சரி பெண்களும் சரி, எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த வயதைக் கடந்து வந்தவள்தான், அதனால் இந்தக் கலக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். எல்லாருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதைப் பூசலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் இது ஏன் வந்தது என்று கேளுங்கள். வயதின் அடையாளங்களோடு வருபவர்களைவிட, அவற்றை மறைக்கும் அவசரத்தில் தோலைக் கெடுத்துக்கொண்டு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வெளியூரில் படிக்கும் மகளோடு தினமும் வீடியோ காலில் பேசுகிறேன். மூலையில் தெரியும் என் முகத்தைப் பார்த்தால் என் அம்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. கண்ணாடியில் இவ்வளவு தெரிவதில்லை. எது உண்மை? (43 வயது வாசகி, திருச்சி)

போனில் தெரிவதை அப்படியே நம்பாதீர்கள் அம்மா. ஓரடி தூரத்தில் பிடித்த கேமரா எதிரில் இருப்பதைப் பெரிதாக்கும், தள்ளி இருப்பதைச் சிறிதாக்கும். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அகலம் உள்ளதைவிட சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டே காட்டினார்கள். போதாததற்கு நாம் போனை மடியில் வைத்துக் குனிந்து பார்ப்போம், தாடைக்குக் கீழே இருக்கிற தசை எல்லாம் முன்னால் வந்து நிற்கும். தலைக்கு மேலே ட்யூப் லைட் எரிந்தால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் விழும். போனை நாலு புத்தகத்தின் மேல் வைத்து, கொஞ்சம் தள்ளி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

ஆனால் மொத்தமும் கேமராவின் குற்றம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நாற்பதுக்கு மேல் கன்னத்துக் கொழுப்பு கொஞ்சம் கீழே இறங்கும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வரும், முகத்து எலும்பே மெல்லத் தேயும். இது எல்லாருக்கும் நடப்பது. அம்மா உட்கார்ந்திருப்பது போல என்று எழுதியிருக்கிறீர்கள், அதை இரண்டு முறை படித்தேன். அந்த முகத்தைப் பார்த்துத்தானே நீங்கள் வளர்ந்தீர்கள்? அது உங்கள் கண்ணுக்கு எப்போதாவது அசிங்கமாகப் பட்டிருக்கிறதா? போனின் அந்தப் பக்கத்தில் உங்கள் மகள் பார்ப்பதும் அப்படித்தான்.

ஒரு நரைமுடியைப் பிடுங்கினால் பத்து முளைக்குமா?

முளைக்காது. ஒவ்வொரு முடிக்கும் தனி வேர், பக்கத்து வேருக்கு நீங்கள் பிடுங்கியது தெரியவே தெரியாது. ஆனால் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அந்த வேர் கெட்டுப்போய் அந்த இடத்தில் முடியே வராமல் போகலாம். கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுங்கள், போதும்.

மகளைப் பெண் பார்க்க வந்தார்கள் என்று மீசைக்கும் தலைக்கும் டை அடித்தேன். மறுநாள் உதடும் கண் இமையும் வீங்கி, காது ஓரம் நீர் வடிந்தது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அமோனியா இல்லாத டை அடிக்கலாமா? (49 வயது வாசகர், திருப்பூர்)

கூடாது ஐயா. தயவுசெய்து இன்னொரு முறை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அமோனியா இல்லை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உங்களை வீங்க வைத்தது பெரும்பாலும் அமோனியாவாக இருக்காது, பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் பாராஃபினைலீன்டையமின் என்கிற ரசாயனமாகத்தான் இருக்கும். தலைமுடிக்குக் கரும் நிறம் தருவது அதுதான், அமோனியா இல்லாத பெட்டியிலும் அது இருக்கும். உடம்பு ஒரு முறை அதை எதிரி என்று பதிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்க மறக்காது, அடுத்த முறை இன்னும் வேகமாக, இன்னும் மோசமாக வரும். மூச்சுத் திணறல் வரை போவதும் உண்டு. பத்து வருஷமாக அடிக்கிறேனே, ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். பத்து வருஷம் கழித்தும் ஒவ்வாமை வரும். கறுப்பு மருதாணி என்று பாக்கெட்டில் விற்பதிலும் இதே பிபிடி கலந்திருப்பது உண்டு. உண்மையான மருதாணி தலையில் செம்பட்டை நிறம்தான் தரும், கறுப்பு தராது. கறுப்பாகப் பிடிக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள்.

முதலில் ஒரு தோல் டாக்டரைப் பாருங்கள், முதுகில் பேட்ச் டெஸ்ட் என்று சின்னச் சின்ன ஒட்டுகளாக ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பிபிடிதான் என்று உறுதியானால், அசல் மருதாணிப் பொடி போட்டு அலசிவிட்டு, அதன் மேல் அவுரி இலைப் பொடி போடலாம், கறுப்புக்குக் கிட்டத்தட்ட வரும். அதையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான். மீசைக்கு எதுவுமே வேண்டாம், உதட்டுக்கு அவ்வளவு பக்கத்தில்.

இன்னொன்றும் சொல்கிறேன். நிச்சயதார்த்த போட்டோவில் பெண்ணின் அப்பா வெள்ளை மீசையோடு நிற்பது குறைவாகத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். வந்திருப்பவர்கள் பெண்ணைப் பெற்றவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நன்றாக ஒதுக்கி வெட்டிய வெள்ளை மீசையும் சலவை வேட்டியும் எப்படி இருக்கும் என்று வீட்டில் ஒரு முறை நின்று காட்டுங்கள், உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.

கால் டாக்ஸி ஓட்டுகிறேன், 47 வயது. வலது பக்கக் கன்னத்திலும் வலது கையிலும் மட்டும் கறுப்பும் சுருக்கமும் அதிகம். ஏதாவது வியாதியா?

வியாதி இல்லை தம்பி, ஜன்னல். நம் ஊரில் ஓட்டுநருக்கு வலது பக்கம்தான் ஜன்னல். காரின் முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கத்துக் கண்ணாடி சுருக்கம் விழவைக்கும் கதிர்களை நிறையவே உள்ளே விடும். 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படத்தை 2012ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது, அங்கே ஓட்டுநர் இடது பக்கம் உட்காருவதால் அவருக்கு இடது கன்னம் மட்டும் தொங்கி வரிவரியாக இருந்தது, வலது கன்னம் பல வயது குறைவாகத் தெரிந்தது. எங்கள் வகுப்புகளில் இன்றும் காட்டும் படம். முழுக்கைச் சட்டை போடுங்கள். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, பிஏ மூன்று பிளஸ் போட்ட சன்ஸ்கிரீனை (இரண்டும் வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று ட்யூபில் போட்டிருக்கும் அளவுகள்) ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுவதும் பூசுங்கள், மதியம் இன்னொரு முறை. போன சுருக்கம் திரும்பாது, ஆனால் அடுத்த பத்து வருஷத்தின் சுருக்கத்தைக் குறைக்கலாம்.

காலிலும் முழங்கையிலும் அரிசி மணி அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். வெண்புள்ளி நோய் ஆரம்பமா? தூக்கமே வரவில்லை.

நிம்மதியாகத் தூங்குங்கள். சின்னதாக, வட்டமாக, ஒன்றோடொன்று சேராமல் இருக்கிறதென்றால் வயதும் வெயிலும் சேர்ந்து செய்யும் புள்ளிகளாகத்தான் இருக்கும், நாற்பதுக்கு மேல் ரொம்ப சகஜம், மருந்து தேவையில்லை. பெரிதாகிச் சேர்ந்துகொண்டே போனால் மட்டும் காட்டுங்கள்.

கன்னத்தில் மங்கு. தோழி சொன்ன க்ரீமை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பூசினேன், பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. ஒரு வருஷமாகப் பூசுகிறேன். ஒரு நாள் விட்டாலும் எரிகிறது, சிவக்கிறது, மீசை மாதிரி முடியும் வருகிறது. மங்கு முன்பைவிட அதிகம். (46 வயது வாசகி, திருநெல்வேலி)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல் இல்லை. வாரத்தில் ஒருவராவது இதே கதையோடு வருகிறார்கள். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தால் கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்த நாளம் சிவப்பு நூலாகத் தெரியும்.

நீங்கள் பூசியது மூன்று மருந்து சேர்ந்த க்ரீமாக இருக்கும்: நிறத்தைக் குறைக்க ஒன்று, தோலை உரிக்க ஒன்று, எரிச்சல் தெரியாமல் அடக்க ஒரு ஸ்டீராய்டு. மங்குக்கு நாங்களே இதை எழுதுவது உண்டு, ஆனால் சில வாரங்களுக்கு மட்டும், நேரில் பார்த்துக்கொண்டே. அந்தப் பத்து நாள் பளிச்சுக்கு ஸ்டீராய்டும் ஒரு காரணம், இப்போது உங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018ல் மத்திய அரசு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. சேர்த்து என்ன, கேட்டால் கிடைத்துக்கொண்டுதானே இருக்கிறது.

நாளைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் முகம் பழி வாங்கும். க்ரீம் ட்யூபை எடுத்துக்கொண்டு போய்த் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், படிப்படியாகக் குறைத்து வெளியே கொண்டுவருவார்கள், சில மாதம் பிடிக்கும், நடுவில் ஒரு கட்டத்தில் முன்பைவிட மோசமாகத் தெரியும், அப்போது பயந்துபோய் பழைய ட்யூபுக்குத் திரும்பிவிடாதீர்கள். மங்குக்கு வெயில், ஹார்மோன், பரம்பரை மூன்றும் காரணம், அதனால் அடியோடு போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், மங்கலாக்கலாம். மங்கு விஷயத்தில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் நிறத்துத் தோலைக் கறுக்க வைக்கும் என்பதால், அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீனாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், லேபிளே இல்லாமல் டப்பாவில் விற்கும் சிவப்பழகு க்ரீமுக்கு மட்டும் மாறிவிடாதீர்கள். அந்த மாதிரி க்ரீம்களில் பாதரசம் கலந்து, பூசியவர்களுக்குச் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய் வந்ததை 2023ல் கேரளத்தின் மலப்புரம் பக்கத்து மருத்துவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள்.

பின்கழுத்து கறுத்துத் தடித்துவிட்டது. நார் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மருக்களும் வருகின்றன. வயசானால் இப்படித்தான் என்கிறார் மனைவி. (41 வயது வாசகர், ஈரோடு)

வயது என்று விட்டுவிடக் கூடாத ஒன்று இது. அழுக்கும் கிடையாது. வெல்வெட் துணி மாதிரித் தடித்த கறுப்பும் கூடவே மருக்களும் வந்தால், உடம்பில் இன்சுலின் ஏராளமாகச் சுரந்தும் சரியாக வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். மிதமிஞ்சிய இன்சுலின்தான் தோலையும் தடிக்க வைக்கிறது. சர்க்கரை நோய் வருவதற்குச் சில வருஷம் முன்னாலேயே கழுத்து சொல்லிவிடும். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரண்டும் பாருங்கள், எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் வாசலில் நிற்கிறீர்கள், திரும்பி வர இன்னும் நேரம் இருக்கிறது. இடுப்பை அளந்து 90 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பாருங்கள். எடை குறையக் குறையக் கழுத்துக் கறுப்பும் தானாக வெளுக்கும். நாரைத் தூரப் போடுங்கள், தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும்.

இதே போல இமை ஓரத்தில் மஞ்சளாகத் திட்டு வந்தாலோ, 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தாலோ கொலஸ்ட்ரால் பாருங்கள். முப்பதுக்குள் வேகமாக நரைப்பவர்கள் தைராய்டும் பி12ம் பார்ப்பது நல்லது.

நான் தையல்காரர், 44 வயது. ஊசியில் நூல் கோர்க்க மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் முன்னால் கண்ணாடி போடக் கூச்சமாக இருக்கிறது. (மதுரை)

தோல் டாக்டரிடம் வந்த கண் கேள்வி, இருந்தாலும் விட மனசு வரவில்லை. இதற்குப் பெயரே வெள்ளெழுத்து. நம் பெரியவர்கள் சாளேசுவரம் என்பார்கள், அதில் ஒளிந்திருப்பது இந்தியில் நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்கிற சொல். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடுகிறது, கிட்டத்தில் இருப்பதற்கு வளைந்துகொடுக்க முடிவதில்லை. கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்பது தப்பு, போடாவிட்டாலும் லென்ஸ் இறுகத்தான் செய்யும்.

தெருவோரக் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருக்கும், உங்கள் கண்கள் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டுமென்று இல்லை. கண் மருத்துவரிடம் போங்கள், தையல் மெஷினில் உட்கார்ந்தால் துணி எத்தனை தூரத்தில் இருக்கும் என்று டேப்பால் அளந்து சொல்லுங்கள், அந்தத் தூரத்துக்குப் பவர் போடச் சொல்லுங்கள். நாற்பதுக்கு மேல் என்பதால் கண் அழுத்தமும் பார்த்துவிடுங்கள், அது வலி இல்லாமலேயே பார்வையைத் தின்னும். கண்ணாடி வரும்வரை ஊசிக் கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக் கோர்த்துப் பாருங்கள், வெளிச்சம் கூடினால் கண்ணின் பாப்பா சுருங்கும், ஓட்டை தெளியும். தையல்காரர் கண்ணாடி போட்டிருந்தால் அளவு சரியாக வரும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

டை அடிப்பதை நிறுத்திவிட்டேன். கணவர் இன்னும் அடிக்கிறார். ஜவுளிக் கடையில் ஒரு பெண் என்னை அவருடைய அக்கா என்று நினைத்துவிட்டாள். சிரித்துவிட்டு வந்தேன், ராத்திரி அழுதேன். திரும்பவும் அடிக்க ஆரம்பிக்கவா? தோலும் ஒரே வறட்சி. (51 வயது வாசகி, கும்பகோணம்)

அழுததில் தப்பே இல்லை. ஆண் நரைத்தால் கம்பீரம் என்றும் பெண் நரைத்தால் கிழவி என்றும் சொல்லும் ஊரில் இருந்துகொண்டு, டை வேண்டாம் என்று முடிவெடுத்தவர் நீங்கள். அந்த முடிவு ஏன் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. அலுப்பினாலா, அரிப்பினாலா, இல்லை உங்களுக்கே அந்த நிறம் பிடித்ததாலா? பிடித்துத்தான் நிறுத்தினீர்கள் என்றால் ஒரு கடைப் பெண்ணுக்காக மாற்றாதீர்கள். பிடிக்காமல், பிடிவாதத்துக்காக இருக்கிறீர்கள் என்றால் அடித்துக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். அழுததைக் கணவரிடம் சொன்னீர்களா? அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

வறட்சிக்கு வருகிறேன். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது, அதன் பிறகான முதல் ஐந்து வருஷத்தில் தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்கிற புரதம் சுமார் 30 சதவீதம் வரை குறையும். தோல் திடீரென்று மெலிந்த மாதிரி, காகிதம் மாதிரித் தோன்றுவது இதனால்தான், கற்பனை இல்லை. நுரை பொங்கும் சோப்பைக் குறையுங்கள், கொதிக்கக் கொதிக்கக் குளிக்காதீர்கள், குளித்து ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். நரைமுடியும் வறண்டு முறுக்கிக்கொள்ளும், வாரத்துக்கு ஒரு முறை எண்ணெய் வைத்து அலசினால் படியும். பாதி கறுப்பு பாதி வெள்ளையாக இருக்கும் இந்த இடைக்காலம்தான் கஷ்டம், முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளரும், நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தால் சீக்கிரம் ஒரே நிறமாகிவிடும். வகிடு அகலமாகிக்கொண்டே போகிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள், அப்படியானால் ரத்தத்தில் இரும்பும் தைராய்டும் பார்க்க வேண்டும், அதற்கு மருந்து இருக்கிறது.