நினைவு நாள் படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒக்டோபர் 29 வந்துவிட்டால் 'மீரியபெத்தை மண்சரிவு' என்று வாட்ஸ்அப்பில் பத்துப் படமாவது வருகிறது. சிலது நம்ம பக்கத்துப் படம் மாதிரியே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, பண்டாரவளை

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) புதையுண்டது 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் பெரிய சரிவு. இரண்டும் செம்மண், இரண்டிலும் மீட்புக்கு வந்தது இராணுவம். ஊர்ப் பெயர் இல்லாமல் படம் கைமாறினால் குழம்பத்தான் செய்யும்.

முதலில் படத்தின் மேல் ஒட்டியுள்ள மெழுகுவர்த்தி, கறுப்புப் பட்டி, எழுத்து எல்லாவற்றையும் வெட்டி நீக்குங்கள். அவற்றோடு தேடினால் கூகுள் லென்ஸ் இன்னொரு மெழுகுவர்த்தியைத்தான் கொண்டுவந்து காட்டும். வெட்டிய படத்தை லென்ஸிலும் டின்ஐ தளத்திலும் தேடுங்கள்; இரண்டும் படத்தை வைத்தே தேடுபவை. டின்ஐயில் பழையதை முதலில் காட்டும்படி வரிசைப்படுத்தலாம். அந்த நாளுக்கு முன்பே இணையத்தில் இருந்த படம் என்றால் அது மீரியபெத்தை இல்லை, சோலி முடிந்தது. பிறகுதான் ஏறியது என்று வந்தாலோ அது எதையும் நிரூபிக்காது. அப்போது படத்துக்குள்ளேயே பார்க்க வேண்டும்: பெயர்ப்பலகையில் என்ன மொழி, வாகன இலக்கத்தகடு எந்த நாட்டுடையது, சுற்றிலும் தேயிலையா இறப்பரா.

கோப்புப் பெயரில் 20141029 என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைசியில் டபிள்யூ.ஏ. என்ற எழுத்துகளும் இருந்தால், அது வாட்ஸ்அப் வைத்த பெயர். அந்தத் திகதி படம் எடுத்த நாளைக் குறிப்பதல்ல. எடுத்த நேரமும், போனில் இடம் பதியும் வசதி போட்டிருந்தால் இடமும், மூலப்படத்துக்குள் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அந்த விபரங்கள் கழன்றுவிடும். மூலப்படம் வைத்திருப்பவரிடம் 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. காணாமல் போனோர் தொகை முதல் சில நாட்களில் மாறிக்கொண்டே இருந்தது. முதல் நாள் செய்தியை அப்படியே ஒட்டி இன்றைக்கும் பகிர்கிறார்கள். தொகை போடுவதானால் யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் தொகையே வேண்டாம்.

கேள்வி: தோட்டத்துக் கோயிலில் நடந்த நினைவேந்தலை முகநூலில் நேரலையாகப் போட்டோம். இப்போது அந்த வீடியோவைக் காணவில்லை.
வாசகர், ஹட்டன்

பதில்: 2025 பெப்ரவரி 19 முதல் முகநூல் நேரலைகள் 30 நாட்களுக்குத்தான் இருக்கும், அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். முகநூல் ஓர் அறிவிப்புப் பலகை. அதை அலமாரி என்று நம்பியதுதான் பிழை. யாராவது தரவிறக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், வேறு வழியில்லை. அடுத்த முறை நேரலை போகும் போனுக்குப் பக்கத்தில் இன்னொரு போனில் சாதாரணமாகப் பதிவு செய்யுங்கள். சிக்னல் விட்டு விட்டு வரும் தோட்டங்களில் நேரலையின் குரல் உடையும். இந்தப் பதிவு உடையாது. அன்றிரவே ஒரு பென் டிரைவிலும், வேறொரு வீட்டுக் கணினியிலும் பிரதி எடுங்கள். கூகுள் கணக்கில் மட்டும் வைப்பதும் போதாது. இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை உள்ளிருப்பதோடு அழிக்க அந்த நிறுவனத்தின் விதியில் இடமுண்டு.

இன்னொன்று: அஞ்சலிக் குறிப்பை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே ஏற்றினால், படிப்பவருக்கு ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பதாகத் தெரியும். இறந்தவரின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன உறவினர்களின் படங்கள் வீட்டில் இருக்கின்றன. இணையத்தில் ஏற்ற எப்படித் தயார் செய்வது?
வாசகி, மஸ்கெலியா

பதில்: 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. பெயர் தெரிந்த ஒவ்வொரு படமும் இந்தக் கணக்குக்கு முகம் தரும்.

சாதாரணப் படத்தை 600 டிபிஐயிலும் (ஸ்கேனரின் நுணுக்க அளவு), கடவுச்சீட்டு அளவுப் படத்தை 1200இலும் ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் இருப்பது அங்கேதான். நம்ம ஈரத்துக்குப் படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கப் போகாதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஸ்கேன் செய்ததைத் தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள், ஏற்றுவதற்கு மட்டும் ஜேபெக். பெயர், தோட்டம், டிவிசன், போன ஆண்டு, தகவல் சொன்னவர் ஆகிய ஐந்தையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். ஆண்டு நிச்சயமில்லை என்றால் 'சுமார்' என்று போடுங்கள்.

பெரியவர்களின் குரலையும் எடுப்பதானால் போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே பதியவே வேண்டாம்.

கேள்வி: மண்சரிவில் இறந்தவரின் முகநூல் கணக்கை மூடுவதா, விடுவதா?
வாசகர், கொஸ்லந்தை

பதில்: இறப்புச் சான்றிதழைக் காட்டி, நினைவுக் கணக்காக மாற்றும்படி விண்ணப்பிக்கலாம். பெயரோடு நினைவுக் குறிப்பு வரும், பழைய பதிவுகள் நிற்கும், யாரும் உள்ளே நுழைய முடியாது. கடவுச்சொல் தெரியும் என்று நீங்களே அதிலிருந்து பதிவு போடாதீர்கள். இறந்தவர் பேசுவதாக நண்பர்களின் போனில் அறிவிப்பு வரும். மாற்றுவதற்கு முன் உங்களுக்கு வேண்டிய படங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.