தூரில் சாறு வடிந்தால் வாய்க்காலை மூடுங்கள்

கேள்வி: ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு, கஜா புயலுக்குத் தப்பிய மரங்கள். இப்போது நாலைந்து மரங்களில் தூரை ஒட்டிச் செம்பழுப்பாகச் சாறு வடிகிறது, குரும்பை கொட்டுகிறது. தார் பூசச் சொல்கிறார்கள். போர் தண்ணீரும் குறைந்துவிட்டது. வாய்க்காலுக்கு மாற்று என்ன? நோய்க்கு மருந்து என்ன?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: அம்மா, நீங்கள் இரண்டாகக் கேட்டது உண்மையில் ஒரே கேள்விதான். இது தஞ்சாவூர் வாடல் நோயின் அறிகுறி. 1952 புயலுக்குப் பின் உங்கள் பக்கத்தில்தான் முதலில் பெரிதாகத் தெரிந்தது. கானோடெர்மா என்ற பூஞ்சை வேரை அழுக வைக்கிறது. சாறு அதன் பிறகுதான் வெளியே தெரிகிறது. அதனால் தார் பூசிப் பயனில்லை. மரத்துக்கு மரம் ஓடும் வாய்க்கால் தண்ணீர் நோயையும் கூடவே கொண்டுபோகிறது. இன்றைக்கே அதை நிறுத்துங்கள்.

சொட்டுநீர் போடுங்கள். தூரிலிருந்து மூன்றடி தள்ளி, நாலு பக்கமும் சொட்டட்டும். கோடையில் ஒரு மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் போதும். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். நோயில்லாத மரங்களின் வட்டப்பாத்தியில் உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடினால், ஈரம் வெகுநாள் நிற்கும்.

இனி நோய் கண்ட மரங்கள். அவற்றைச் சுற்றி மூன்றடி ஆழம், ஓரடி அகலத்தில் பள்ளம் எடுத்துத் தனிமைப்படுத்துங்கள். பிறகு ஒரு சத போர்டோ கலவை, மரத்துக்கு 40 லிட்டர். 400 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 20 லிட்டர் தண்ணீரிலும், 400 கிராம் சுட்ட சுண்ணாம்பை 20 லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்புப் பாத்திரம் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியைச் சற்று நேரம் அதில் வைத்து எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். படியாத கலவையைத்தான் தூரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறடி தூரத்துக்கு மண் நனையும்படி ஊற்ற வேண்டும்.

வேர்வழியும் மருந்து கட்டலாம். பென்சில் கனத்தில் உயிருள்ள இளவேர் ஒன்றைத் தேடி, நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். 100 மில்லி தண்ணீரில் 2 மில்லி ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து, பாலித்தீன் பையில் ஊற்றி, வேர் முங்கும்படி கட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முற்றிய காயைப் பறித்துவிட்டுக் கட்டுங்கள். அப்புறம் 45 நாளைக்குக் காயும் வேண்டாம், இளநீரும் வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மற்ற மரங்களுக்கு வருடம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 50 கிலோ தொழு உரம். அதில் டிரைக்கோடெர்மா கலந்து இடுவது நல்லது. ஆனால் அது நன்மை செய்யும் பூஞ்சை என்பதால் போர்டோ கலவையோடு சேர்த்து இட்டால் செத்துவிடும். இடையில் வாழை போடுங்கள், நோய் மட்டுப்படும். நல்ல வருமானமும்கூட.

ஒன்று சொல்ல மறந்துவிட்டீர்கள்: கஜாவில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் தோப்பில் கிடக்கின்றனவா? அடியில் பழுப்புக் காளான் தட்டுத்தட்டாக முளைத்திருந்தால், மருந்துக்குச் செலவழிக்கும் முன் அந்தக் கட்டையை வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள்.