கவிஞர் எலியட், விமர்சகர் எலியட்: கேள்வி பதில்

டி.எஸ். எலியட்டின் கவிதை, விமர்சனம் இரண்டையும் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. பத்து மதிப்பெண் விடை கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அது இங்கே கிடைக்காது.

முதுகலை மாணவி, திருச்சி: சார், எலியட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் கவிதையா, கட்டுரையா?

மாற்றி மாற்றி, ஆண்டு வரிசையில் படியுங்கள். முதலில் 'புரூஃப்ராக்' கவிதை (1915). வாய்விட்டு இரண்டு தடவை படியுங்கள், அர்த்தம் தேடி நடுவில் நிற்க வேண்டாம். அடுத்து 'மரபும் தனித்திறனும்' கட்டுரை (1919), கூடவே அதே ஆண்டு எழுதிய 'ஜெரான்ஷன்' கவிதை. பிறகு மெட்டாஃபிசிகல் கவிஞர்கள் பற்றிய 1921 கட்டுரை, அது முடிந்த கையோடு 'பாழ்நிலம்' (1922).

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. 1921 அக்டோபரில் டைம்ஸ் இலக்கிய இணைப்பில் அந்தக் கட்டுரை வந்தபோது 'பாழ்நிலம்' பாதியில் நின்றது. உடல்நலம் கெட்டு, வேலை பார்த்த வங்கியில் விடுப்பு எடுத்துக்கொண்டு எலியட் மார்கேட் கடற்கரை ஊரில் இருந்தார். கட்டுரை, பதினேழாம் நூற்றாண்டு ஜான் டன்னையும் அவர் வழிக் கவிஞர்களையும் பற்றியது. ஆனால் நடுவில் திடீரென்று, நம் காலத்துக் கவிஞன் கடினமாகத்தான் எழுத முடியும், சுற்றி வளைத்தும் பழையதைத் தொட்டுக் காட்டியும் தேவைப்பட்டால் மொழியை மூட்டு விலக்கியும்தான் சொல்ல முடியும் என்கிறார். டன்னுக்கும் இதற்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. தன் மேசையில் கிடந்த கவிதைக்கு வக்காலத்து வாங்குகிறார். 1956இல் மினியாபொலிஸ் நகரில் பேசும்போது, தன் விமர்சனத்தில் உருப்படியானவை தன் கவிதைப் பட்டறையின் உபவிளைவு என்று அவரே ஒப்புக்கொண்டார். எனவே எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

வாசகர், மதுரை: 'பாழ்நிலம்' தொடக்கத்தில் ஏப்ரல் ஏன் கொடிய மாதம்?

செத்துக் கிடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, வசந்தம் அதைக் கலைத்து எழுப்புகிறது. மீதிக்கு முதல் ஏழு வரிகளைப் பாருங்கள்.

கவிதை எழுதுபவர், நாகர்கோவில்: அண்ணே, எலியட்டின் கவிஞர் நண்பர் எஸ்ரா பாவுண்ட் வெட்டியதால்தான் 'பாழ்நிலம்' கவிதையானது என்கிறார்களே. எவ்வளவு உண்மை?

நிறையவே. ஆனால் எல்லா வெட்டும் பாவுண்டுடையது இல்லை. கைப்பிரதி 1971இல் எலியட்டின் இரண்டாம் மனைவி வலேரி எலியட் பதிப்பில் அப்படியே அச்சாகிவிட்டது, யாரும் பார்க்கலாம். கவிதை ஆதியில் ஏப்ரலில் தொடங்கவில்லை. பாஸ்டன் நகரில் குடித்துவிட்டுச் சுற்றும் ஓர் இரவைப் பற்றி 54 வரிகள் முன்னால் இருந்தன. அவற்றை அடித்தவர் எலியட்டேதான் என்று கொள்ள இடமுண்டு.

பாவுண்டின் கை தெரிவது மூன்றாம், நான்காம் பகுதிகளில். 'தீ உபதேசம்' பகுதியின் தொடக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்சாண்டர் போப் பாணியில் ஈரடிகளாக ஒரு நீண்ட பத்தி இருந்தது, ஃப்ரெஸ்கா என்ற பெண் காலையில் கண்விழிப்பதைப் பற்றி. 'போப் இதை உன்னைவிட நன்றாகச் செய்துவிட்டான், அவனைக் கேலி செய்ய வேண்டுமென்றால் அவனைவிட நன்றாக எழுதத் தெரிய வேண்டும், உனக்குத் தெரியாது' என்ற பொருளில் பாவுண்ட் சொன்னதாக எலியட் 1928இல் பதிவு செய்தார். பத்தி போயிற்று. நான்காம் பகுதியில் ஒரு கடற்பயணக் கதை, 80 வரிக்கு மேல். அதுவும் போய், மூழ்கிய மாலுமி ஃப்ளேபஸ் பற்றிய 10 வரிகள் மட்டும் மிஞ்சின. மனம் சோர்ந்த எலியட், ஃப்ளேபஸையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது, முதல் பகுதியில் வரும் குறி சொல்லும் சீட்டுக்கட்டில் அவனை முன்பே காட்டிவிட்டாய், அவன் அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று பாவுண்ட் தடுத்தார். 'ஜெரான்ஷன்' கவிதையை முன்னுரையாக ஒட்டும் யோசனையையும் அவர்தான் நிறுத்தினார்.

கவிதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது ஓரக் குறிப்புகளை. தட்டச்சுக்காரப் பெண் வரும் இடத்தில் 'ஒருவேளை' என்ற சொல்லைக் கண்டாலே பாவுண்டுக்குக் கோபம் வருகிறது. அந்தக் காட்சியைச் சொல்லும் கிரேக்கப் புராணக் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எல்லாம் தெரிந்தவன், அவனுக்குத் தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை, நடுவில் என்ன ஒருவேளை? உங்கள் கவிதையிலும் 'ஏதோ', 'ஒருவேளை', 'போலும்' மூன்றையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

ஆய்வு மாணவர், சென்னை: கவிஞனின் மனம், தான் மாறாமல் மற்றவற்றைச் சேர வைக்கும் பிளாட்டினம் போன்றது என்கிறார் எலியட். அப்படியானால் கவிஞனுக்கு உணர்ச்சியே கூடாதா?

'மரபும் தனித்திறனும்' கட்டுரையை முழுதாகப் படித்திருந்தால் கேள்வி வந்திருக்காது. கவிதை உணர்ச்சியிலிருந்து தப்பிப்பது என்று சொன்ன கையோடு, உணர்ச்சியும் ஆளுமையும் உள்ளவனுக்குத்தான் தப்பிக்க விரும்புவது என்னவென்று தெரியும் என்கிறார். மேற்கோள் நூல்கள் இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிடும். வேதியியல் படித்தவர்களுக்கு ஒன்று: சல்ஃபர் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் பிளாட்டினம் இருக்கச் சேர்ந்தால் வருவது சல்ஃபர் டிரை ஆக்சைடு, அது தண்ணீரோடு சேர்ந்தால் சல்ஃபியூரிக் அமிலம். எலியட் சல்ஃபியூரஸ் அமிலம் என்று எழுதிவிட்டார். உவமை தாங்கும், வேதியியல் தாங்காது.

வாசகி, கோவை: தப்பிப்பதாவது! எலியட் தன் காதலி எமிலி ஹேலுக்கு எழுதிய கடிதங்கள் வெளிவந்த பிறகும் இந்தத் 'தன்னிலை அழிப்பு' வேதாந்தத்தை நம்புகிறீர்களா?

நல்ல கேள்வி. 1,131 கடிதங்கள், பிரின்ஸ்டனில் 2020 ஜனவரி 2 அன்று திறந்தார்கள். 1930இல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் காதலுக்குச் சாட்சியாக 'பாழ்நிலம்' முதல் பகுதியின் ஹையசின்த் வரிகளைப் படித்துப் பார் என்று எலியட் சொல்கிறார். ஆக, ஹையசின்த் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நிஜப் பெண் இருந்தாள். இது 1919 கட்டுரையைப் பொய்யாக்கவில்லை. அனுபவம் உள்ளே போகாது என்று கட்டுரை சொல்லவில்லை, அனுபவத்தின் தீவிரம் கவிதையின் தரத்துக்குச் சான்றாகாது என்றுதான் சொன்னது.

அதே வாசகி: வக்கீல் பேச்சு. தன் திருமணத்தை மறைக்க ஒரு கொள்கை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

தேவைப்பட்டிருக்கலாம். 1960இல் எழுதி, கடிதங்கள் திறக்கும்போது வெளியிடச் சொல்லி வைத்த குறிப்பில் அவரே கதவைத் திறந்துவிட்டார்: முதல் மனைவி விவியனுடனான திருமணம் தந்த மனநிலையிலிருந்துதான் 'பாழ்நிலம்' வந்தது என்று. அப்படியும் கைப்பிரதியைப் பாருங்கள். இரண்டாம் பகுதியில் 'இன்றிரவு என் நரம்புகள் சரியில்லை' என்று மனைவி பேசும் இடம். பாவுண்ட் ஓரத்தில் 'போட்டோகிராஃபியா?' என்கிறார், வாழ்க்கையை அப்படியே பிரதி எடுத்திருக்கிறாய் என்ற சந்தேகத்தில். அதே பக்கத்தில் விவியன் 'பிரமாதம்' என்று எழுதுகிறார்! தன்னையே படம் பிடித்ததாகக் கருதத்தக்க வரிகளைப் பற்றி. மதுக்கடைப் பேச்சில் 'பிள்ளை வேண்டாமென்றால் எதற்குக் கல்யாணம் செய்துகொண்டாய்' என்று வரும் வரி விவியன் தந்தது. தந்தத்தாலான சதுரங்கக் காய்கள் பற்றிய ஒரு வரியை அவர் எடுக்கச் சொன்னார், எலியட் எடுத்தார். 1960இல் ஒரு பிரதி எழுதும்போது நினைவிலிருந்து திரும்பச் சேர்த்தார். வாழ்க்கை உள்ளே இருக்கிறது, மூன்று பேர் திருத்தியும் இருக்கிறார்கள். மறைப்பு என்ற ஒரே சொல் இதற்குப் போதாது.

வேறொருவர், புதுச்சேரி: இரண்டு பேருக்கும் நடுவே புகுகிறேன். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் சொன்ன பிறகு இந்தச் சண்டை எதற்கு?

பார்த் சொன்னது 1967இல். ஆண்டைப் பாருங்கள் தோழர். எலியட்டுக்கு ஆசிரியன் சாகவில்லை, உட்கார்ந்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறான். எழுதுகிறவன் படும் பாட்டில் பெரும்பகுதி விமர்சன உழைப்புதான் என்று 1923 கட்டுரையில் எழுதியவர் அவர்.

கோவை வாசகி: கடைசியாக ஒன்று. திருத்தியது மூன்று பேர் என்றால் அட்டையில் பெயர் ஒன்று ஏன்?

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. பாவுண்டுக்காவது காணிக்கை வரி கிடைத்தது. விவியனுக்கு அதுவும் இல்லை.

வாசகர், சேலம்: ஏப்ரல் ஏன் கொடிய மாதம் என்று விளக்க முடியுமா?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: ஐயா, 'பாழ்நிலம்' இறுதிப் பகுதியின் 'த த த' உபநிடதத்திலிருந்து எடுத்தது சரி. வரிசையை மாற்றியது ஏன்?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். பிருகதாரண்யகத்தில் பிரஜாபதி இடியாக 'த' என்கிறார். தேவர்கள் 'தாம்யத' (அடங்கு) என்றும், மனிதர்கள் 'தத்த' (கொடு) என்றும், அசுரர்கள் 'தயத்வம்' (இரங்கு) என்றும் கொள்கிறார்கள். எலியட் மனிதர்களுக்கானதை முன்னே வைத்து, அசுரர்களுக்கானதை அடுத்து, தேவர்களுக்கானதைக் கடைசியில் வைக்கிறார். கவிதையில் இருப்பவர்கள் மனிதர்கள்தானே. ஒரு கணம் கொடுத்துவிடுவது, அடுத்தவர் சிறையின் சாவியோசை கேட்பது, பிறகுதான் படகு கைக்கு அடங்குவது என்று உணர்ச்சி ஏறுகிறது. ஹார்வர்டில் பேராசிரியர் லான்மனிடம் சமஸ்கிருதம் படித்தவர், தெரியாமல் மாற்றவில்லை. ஆனால் கவிதைக்கு அவரே எழுதிய குறிப்பு காட்டும் இடம் 5, 1. கதை இருப்பது 5.2இல். அடிக்குறிப்புகளை நம்பாதீர்கள் என்பது என் இரண்டாவது புலம்பல். இதழ்களில் வந்தபோது குறிப்புகள் கிடையாது. புத்தகமாக்கப் பக்கம் போதாமல் நீட்டியவை அவை. போலிப் புலமைக் காட்சி என்று 1956இல் அவரே சொல்லிவிட்டார்.

கல்லூரி மாணவர், ஈரோடு: 'நல்ல கவிஞன் திருடுவான்' என்று எலியட் சொன்னார் அல்லவா?

நாடகாசிரியர் மாசிஞ்சர் பற்றிய 1920 கட்டுரை. முதிராத கவிஞன் போலி செய்வான், முதிர்ந்தவன் திருடுவான் என்பது பாதி. எடுத்ததை மேலாக்குவான், குறைந்தது வேறாக்குவான் என்பது மறுபாதி. உங்கள் சுவரொட்டியில் மறுபாதியும் வரட்டும்.

வாசகர், தஞ்சாவூர்: மில்டனைத் திட்டிவிட்டுப் பிறகு ஏன் மாற்றிக்கொண்டார்?

1936இல் மில்டனின் செல்வாக்கு கெடுதல் என்றார். 1947இல் இனி ஆபத்தில்லை, படிக்கலாம் என்றார். தன் கவிதைக்கு வழி ஒதுக்க வேண்டியிருந்தபோது ஒரு பேச்சு, 'ஃபோர் குவார்டெட்ஸ்' கவிதைகளை முடித்த பிறகு வேறு பேச்சு. ஆண்டு, ஆண்டு.

வாசகர், யாழ்ப்பாணம்: யூத வெறுப்பை ஏன் யாரும் தொடவில்லை?

யாரும் கேட்கவில்லை. 1933இல் வர்ஜீனியாவில் பேசி 1934இல் புத்தகமாக்கிய உரைகளில், சுதந்திரச் சிந்தனை கொண்ட யூதர்கள் பெருமளவில் இருப்பது விரும்பத்தக்கதல்ல என்கிறார். அந்தப் புத்தகத்தை அவர் மறுபதிப்பு செய்யவில்லை. கவிதைகளை அப்படி விலக்கவில்லை. 'ஜெரான்ஷன்' கவிதையில் சிறிய எழுத்தில் இருந்த 'யூதன்' 1963 தொகுப்பில் பெரிய எழுத்தானான், வரி அப்படியே நிற்கிறது. பாத்திரம் பேசுகிறது என்று சமாதானம் சொல்வார்கள். உரையில் பேசியது எந்தப் பாத்திரம்?

கவிதை எழுதுபவர், திருநெல்வேலி: புதுக்கவிதைக்கு யாப்பு வேண்டாம் என்பதற்கு எலியட்டை மேற்கோள் காட்டலாமா?

கூடாது. அவர் சொன்னது நேர் எதிர்: ஒழுங்காக வேலை செய்ய நினைப்பவனுக்கு எந்தப் பாவும் கட்டற்றதல்ல. 1917 கட்டுரைப்படி, ஓர் எளிய சந்தத்தின் ஆவி திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும், நாம் அசந்தால் முன்னே வர வேண்டும். 'பாழ்நிலம்' முதல் ஏழு வரிகளில் ஐந்து, காற்புள்ளிக்குப் பின் ஒற்றை வினையோடு தொங்கி நிற்கின்றன, செயப்படுபொருள் அடுத்த வரிக்கு இழுபடுகிறது. நான்காம், ஏழாம் வரிகளில் மட்டும் முற்றுப்புள்ளி. வரி முறிப்பது இப்படிக் கணக்கோடு நடக்கிறது. தமிழில் பார்க்க வேண்டுமென்றால் 'எழுத்து' இதழில் வந்த சி.மணியின் 'நரகம்'. அவரும் கவிதை எழுதிக்கொண்டே 'யாப்பும் கவிதையும்' எழுதியவர்தான்.

வாசகர், பெங்களூரு: ரில்கே பற்றி?

ஜெர்மன் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வாசகி, வேலூர்: எலியட்டை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? ஏப்ரல் ஏன்…

முதல் பதில். இரண்டாம் பதில்.

நூலகர், காரைக்குடி: எந்தப் பதிப்பு வாங்குவது?

கவிதைக்கு ரிக்ஸும் மெக்யூவும் தொகுத்த 2015 பதிப்பு, இரண்டு தொகுதி. விலை அதிகம், விளக்கக் குறிப்புகள் கவிதைகளைவிட நீளம். அதைத் தனி அலமாரியில் வையுங்கள், மாணவர்கள் குறிப்பிலிருந்து தொடங்கிவிடுவார்கள். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் 1971 கைப்பிரதிப் பதிப்பை வாங்குங்கள்.